இருவர் உண்ணும் சஹன்

என் கணவர் ஊர் திரும்பாமல் இருப்பதற்குக் காரணம் நான்தான். துபாய் முதலாளி அல்ல, பாதியில் நிற்கும் மாடி அல்ல... நான்!

எங்கள் காரைக்கால் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருவார். கடைசிவரை மாப்பிள்ளையாகவே இருப்பார். அவருக்குத் தனி நாற்காலி, பீங்கான் தட்டு, மீனில் நடுத்துண்டு. அவர் லீவில் வந்தால் நான் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை.

அவர் விமானம் ஏறிய மறுநாள்தான் எனக்கு வீடு வீடாகும். நானும் மகள் ஆயிஷாவும் தரையில் சஹனை வைத்து உட்காருவோம். ஒரே பெரிய தட்டு; அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் எடுத்து உண்போம். பழைய சோறு, சுட்ட கருவாடு. அவள் கல்லூரிக் கதைகளை அவிழ்த்துவிடுவாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். இதைவிடப் பெரிய மகிழ்ச்சி எனக்குத் தெரியாது... இது பாவமா? நீங்களே சொல்லுங்கள்!

போன லீவில் ஒரு காலை, அவர் எழுவதற்குள் உண்டுவிடலாம் என்று அடுப்படியில் சஹனை வைத்து உட்கார்ந்திருந்தோம். அவர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானும் கீழ ஒக்காரட்டுமா புள்ள?"

"நல்லாருக்கே! மாப்புள்ள தரையில ஒக்காருறதா? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? மேசையில வைக்கிறேன், வாங்க மச்சான்."

பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. மரியாதை என்று அவர் நினைத்திருப்பார். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

திரும்பிப் போன பிறகு போனில் கேட்டார். "நம்மூரு கீழவாஞ்சூர் துறைமுகத்துல ஆள் எடுக்குறாங்களாம். வந்துறட்டுமா?" அந்தக் குரலில் எத்தனை ஆசை!

"அங்க எறக்குற நிலக்கரித் தூசி ஒங்க நெஞ்சுக்கு ஆவாது மச்சான். மாடி முடியட்டும்... இன்னும் ரெண்டு வருஷம் இருங்க."

அந்த மாதமும் மாடிக்குப் பணம் அனுப்பினார்.

அவர் கெட்டவரா? இல்லவே இல்லை! அவருக்குக் காய்ச்சல் என்றால் எனக்குத் தூக்கம் வராது. பிறகு ஏன் தடுத்தேன்? அவரை உபசரிக்கத் தெரிந்த எனக்கு, அவரோடு வாழத் தெரியவில்லையா? அல்லது அந்தத் தட்டில் இன்னொரு கை விழுந்தால் என் சிரிப்பு போய்விடும் என்ற பயமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை...

நேற்றுக் காலை நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வீடியோ காலில் வந்தார்.

"வச்சுராத புள்ள. போனைச் சொம்புல சாச்சு வையி. நீங்க பேசிக்கிட்டே சாப்புடுங்க, நானும் இங்க சாப்புடுறேன்."

பார்த்தேன். அங்கே அவர் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பெரிய தட்டு. அதன் ஓரத்தில் தம் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்து உண்டார். மீதியைத் தொடவில்லை.

ஆயிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வந்துருங்களேன் வாப்பா!"

"ஒங்க உம்மா சொல்லட்டும்."

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒரு சொல்... ஒரே ஒரு சொல் போதும்.

"சாப்புடு ஆயிஷா, ஆறிடும்" என்றேன்.

பழைய சோற்றில் ஆறுவதற்கு என்ன இருக்கிறது!