குதிகாலால் மண் பார்த்தவர்

அந்த ஆள் யாரென்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? வேறு வேலையே இல்லையா? பெயர் எனக்கும் தெரியாது, போ.

சங்ககிரிப் பக்கம் நான் ஆடு மேய்க்கும் கரட்டில் சைக்கிள் பந்தயத்துக்குப் பாதை போட்டவர். ஒல்லி உடம்பு, வெயிலில் தோலுரிந்த மூக்கு. கல் பொறுக்குவார், முள் வெட்டுவார். மழை பெய்த மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை மண்ணில் அழுத்திப் பார்ப்பார். பதிந்தால் அன்றைக்கு யாரையும் சைக்கிள் ஓட்ட விடமாட்டார்.

“ஏனுங்க, மண்ணுக்குக் காச்சலான்னு தொட்டுப் பாக்கறீங்களா?” என்றேன்.

“ஈரத்துல ஓட்டுனா டயரு பாதையவே உழுது போட்டுருமுங்க ஆத்தா.”

பங்குனியில் பந்தயம் வைத்தார். முந்தின சாயங்காலம் மழை கொட்டிவிட்டது. காலையில் அழுத்திப் பார்த்தால் கணுக்கால் வரை இறங்குகிறது. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதரோ மாலையோடு பந்தலில் உட்கார்ந்துவிட்டார்.

“நாளைக்கு வெச்சுக்கலாமுங்க” என்று இவர் அவரிடம் கெஞ்சினார்.

“நாளைக்கு நான் வர முடியாது” என்ற அந்தப் பெரிய மனிதர், சேற்றில் இறங்க மனமில்லாமல் பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கொடியை இவர் கையிலேயே கொடுத்துவிட்டார். இவரும் ஆட்டினார். மத்தியானத்துக்குள் இரண்டு வருட வேலை சேற்று ஓடையாகக் கிடந்தது.

“உங்க கையாலயே ஆட்டிப்புட்டீங்களே சாமி.”

“ஆமாங்க” என்றார். அப்புறம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

“அவனே போட்டு அவனே கெடுத்துக்கிட்டானாமா” என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள்.

“கொடியாட்டுனது வேற ஆளுங்க, நாந்தான் பக்கத்துல நின்னு பாத்தனே” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.