திருப்பி அனுப்பிய சவப்பெட்டி

மாம்பழத் தோலும் சாறும் வெயிலில் கிடந்து புளிக்கும்போது வரும் நாற்றம் முதலில் தித்திப்பாகத்தான் இருக்கும். பிறகு நுரைத்து, கெட்டு, தொண்டையில் ஒட்டிக்கொண்டு, சோற்றில் கை வைக்க விடாது. எழுபதுகளில், சித்தூருக்கு வெளியே எங்கள் கிறிஸ்தவக் குடியிருப்பில், கோடைக்காலம் என்றால் எனக்கு அந்த நாற்றம்தான். பக்கத்திலேயே மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலை ஒன்று வந்திருந்தது. எல்லாரும் அதைப் "பல்ப் கம்பெனி" என்பார்கள். கூழை டின்னில் அடைத்த பிறகு மிஞ்சும் தோலையும், தெலுங்கு வழக்கில் நாங்கள் "டெங்க" என்று சொல்லும் கொட்டையையும், கழுவிய தண்ணீரோடு சேர்த்து எங்கள் குடிதண்ணீர்க் கிணற்றை ஒட்டிய பள்ளத்தில் கொட்டினார்கள். வாளியை இழுத்தால் மஞ்சள் நுரை வரும், சில நாள் புழுவும் வரும். அம்மா அதைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சித் தருவாள், அப்போதும் குமட்டும்.

ஆலைக்குச் சொந்தக்காரரான தானியேல் ஐயா எங்கள் சபையைச் சேர்ந்தவர். கோயிலில் சுற்றிய மின்விசிறிகளும் பீடத்தின் பளிங்குத் தரையும் அவர் கொடுத்தவை. கிணற்றைப் பற்றி முறையிடப் போன பெண்களிடம் சபைப் போதகர், நாங்கள் "ஐயரு" என்று அழைப்பவர், "மழை வந்தா சரியாப் பூடும், பெரிய மனுசன் மனசு நோவக் கூடாது" என்று சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார். பரலோகத்தில் பொக்கிஷம் சேர்ப்பதைப் பற்றி வாரந்தோறும் கேட்ட சபை, பூமியில் ஒரே ஒருவரின் இரும்புப் பெட்டியைத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு எஸ்தரக்கா அந்த ஆலையில்தான் மாம்பழத் தோல் சீவினாள். காம்புப் பால் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்துபோய், சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். அவளுடைய பையன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவன் என் இடுப்பில்தான் இருப்பான். அந்தக் கோடையில் அவனுக்கு வாந்திபேதி கண்டது. சித்தூர் டாக்டர் "எந்தத் தண்ணி குடுக்கறீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். வேலூர் பஸ்ஸிலேயே, அவள் மடியிலேயே, பையன் இறந்துவிட்டான்.

மறுநாள் காலையில் தானியேல் ஐயா வீட்டு வண்டியில் ஒரு சின்னச் சவப்பெட்டி வந்து இறங்கியது. வெள்ளைப் பெயிண்ட், மூடியில் வெள்ளித்தாள் சிலுவை, உள்ளே சாட்டின் துணி. கூடியிருந்தவர்கள் குழந்தையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள். "ஐயாவுக்கு எவ்ளோ மனசு பாரு" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி சாட்டினைத் தடவிப் பார்த்தாள். நான் வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது எஸ்தரக்கா எழுந்து நின்றிருந்தாள். அழுகையெல்லாம் வற்றிப்போன முகம். "அத்த வண்டியில ஏத்துங்க. அவுரு குட்த்த பொட்டியில எம்புள்ளைய வெக்க மாட்டேன்" என்றாள்.

ஐயரு அருகே போய், தாழ்ந்த குரலில், "எஸ்தர், ஐயாவப் பகைச்சிக்கினா நாளைக்கு உனுக்கு யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"எனுக்கு கர்த்தர் இருக்காரு ஐயரே. உங்குளுக்குத்தான் அவரத் தவிர வேற ஆளு தேவப்படுது."

வண்டிக்காரன் பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றினான். அவள் கல்யாணச் சேலையை எடுத்துவந்து குழந்தையைச் சுற்றினாள். அவள் புருஷன் சுவரோரம் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். தூக்க வேறு யாரும் முன்வராமல் நிற்க, மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த என் நைனா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். கல்லறைத் தோட்டம்வரை அவரே சுமந்தார். பின்னால் நாங்கள் கொஞ்சம் பேர்தான் போனோம். ஐயரு வந்தார், ஆனால் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, இழவு வீட்டுக்குத் தர்மம் செய்ய முன்வந்ததற்காகத் தானியேல் ஐயாவுக்குக் கோயிலில் நன்றி சொன்னார்கள். அவர் முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், விசிறி அவர் தலைக்கு மேல் சுற்றியது. நைனா பாதியிலேயே எழுந்து வெளியே போனார். அன்று மாலை, "பணக்காரன நான் குத்தம் சொல்லல. முட்டி போடறதுக்கு ஒரு ஆளு வேணும்னு தேடிக்கினு இருக்கற நம்ம ஜனங்களப் பாத்தாத்தான் அருவருப்பா கீது" என்றார். எஸ்தரக்காவை ஆலையில் மறுபடி சேர்க்கவில்லை. அவளும் அவள் புருஷனும் நாயுடுபேட்டைப் பக்கம் பிழைக்கப் போனார்கள். கிணறு அப்படியே நாறியது. சில வருஷத்தில் ஆலை நொடித்து, தானியேல் ஐயா இருந்ததை விற்றுக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். அவரை நம்பிக் கோயிலுக்குப் பாதி எழுப்பிய புதுக் கோபுரம் கம்பி நீட்டிக்கொண்டு வெகுகாலம் நின்றது.

சென்ற ஆண்டு போயிருந்தேன். ஆலை இல்லை. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் சபைக்குச் சொந்தமான கடைகள் கட்டியிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சின்ன மேட்டைத் தேடினேன். உடன் வந்த இளம் போதகர், "கல்லு வெக்காத மேடெல்லாம் சமன் பண்ணிட்டோம்மா. பெரிய குடும்பங்க கார்ல வராங்க, நிறுத்த எடம் வேணுமே" என்று இயல்பாகச் சொன்னார். அவர் காட்டிய திக்கில் போய், சிமெண்ட் தரைமேல் நின்றேன். ஆராதனைக்கு வந்த கார் ஒன்று பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தவர் இறங்கி வந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்று கேட்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.