ஐயாயிரம் பைகளில் ஒரு வசனம்

பொறுத்துப் போ என்று சொல்ல வந்த எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து, முறுக்கும் வைத்து அனுப்பிவிட்டேன். பொறுக்கவில்லை. இப்போதும் இல்லை. அதற்கு வெட்கப்படுகிற வயதும் எனக்குத் தாண்டிவிட்டது.

நாட்டில் சண்டை முடியாத காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் இரண்டாம் தட்டில் நான் தனியே இருந்தேன். இவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம். பிள்ளைகள் இல்லை. கறித்தூள் செய்து விற்றேன். மல்லி, செத்தல் மிளகாய், சீரகம், மிளகு எல்லாம் வீட்டில் வறுத்து, சாக்கில் கட்டி, பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் மில்லில் திரித்து வருவேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள். ஒரு ஆமிக்காரன், "மே மொகத?", இது என்ன, என்று கேட்டபடி சாக்குக்குள் மூக்கை விட்டான். "மிரிஸ் மாத்தயா", மிளகாய் ஐயா, என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு தும்மல். அதற்குப் பிறகு அவன் என்னைத் தூரத்தில் கண்டாலே போ போ என்று கை காட்டுவான்.

நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இலக்கம் என்று வந்தால் என்னை ஒருவரும் ஏய்க்க முடியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டொரொன்டோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கலியாணம் ஒன்றுக்குக் கொழும்பு வந்தவர் என் தூளில் வைத்த கறியைச் சாப்பிட்டுவிட்டு வீடு தேடி வந்தார்.

"அக்கா, உங்கட தூள் அங்க வந்தா அள்ளுப்பட்டுப் போகும். ஆனா உந்தச் சொப்பிங் பாக்கில கட்டி அனுப்பினா ஒரு சனமும் தொடாது. நிமிர்ந்து நிக்கிற, பளபளக்கிற பாக் வேணும்."

அந்தப் பைகளைச் சீனாவில் ஒரு கொம்பனி செய்தது. முதலில் நம்முடைய படத்துக்கு ஓர் உருளை வெட்டுவார்கள். அதற்குத் தனிக் காசு. பிறகு அந்த உருளையால் எத்தனை ஆயிரம் பை வேண்டுமானாலும் அடிக்கலாம். மேல்மாடியில் இருந்த ரீச்சர், இங்கிலீஸ் படிப்பித்து ஓய்ந்த மனுசி, மூன்று செத்தல் மிளகாயும் ஒரு கறிவேப்பிலை நெட்டும் அழகாய்க் கீறித் தந்தா. ஆனால் கொம்பனிக்குக் காசு கட்டுவதென்றால் வெளிநாட்டில் செல்லுகிற கார்ட் வேண்டும். ஒரு வங்கியில் போய்க் கேட்டேன். சம்பளத் துண்டு கேட்டார்கள். சட்டியில் வறுக்கிறவளுக்கு யார் சம்பளத் துண்டு தருவது? என் கையெழுத்தும் ஒரு நாளைப் போல மறு நாள் வராது.

கார்ட் வைத்திருந்தவன் என் புருசனுடைய சித்தப்பாவின் மகன். காலி வீதியில் கொமியூனிகேசன் கடை. வெளிநாட்டுக்குக் கதைக்க மூன்று கூண்டு, நாலு கொம்பியூட்டர். வெளியில் இருந்து சின்னச் சின்னச் சாமான் எடுக்கிறவர்கள் எல்லாம் அவனிடந்தான் வருவார்கள். மணிக்கூட்டு வார் விற்கிற நானா, சட்டைக்கு மணி தைக்கிற பிள்ளை, இன்னும் நாலைந்து பேர். அவன் தன் கார்ட்டில் கட்டுவான். நூற்றுக்குப் பதினைந்து அவனுக்கு. டொலர் விலையும் அவன் சொல்லுகிற விலைதான்.

"மச்சாள், நீங்கள் ஏன் உதுக்குள்ள தலையைக் குடுக்கிறியள்? காசைத் தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். கொடுத்தேன். உருளைக் காசும் கொடுத்தேன். சொந்தம் என்று நம்பினேன்.

இரண்டு தரம் பை வந்தது, தூள் போனது, நல்ல பேர். மூன்றாந்தரம் காசை வாங்கிக்கொண்டு, பை இன்னும் வரவில்லை, சண்டையால் துறைமுகத்தில் தாமதம் என்றான். இரண்டு மாதம் சொன்னான். அதற்குள் டொரொன்டோவிலிருந்து போன் வந்தது.

"என்னக்கா, இந்த முறை தூளில உறைப்பும் இல்லை, மணமும் இல்லை? அரிசிமா கலந்தமாதிரிக் கிடக்கு."

"நான் அனுப்பவே இல்லையே தம்பி."

"உங்கட பாக்தான் அக்கா. மூண்டு மிளகாய் படம் போட்டது. உங்கட மச்சான்தான் அனுப்பினவர்."

அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். போன் கூண்டுக்கு வரிசையில் நின்றார்கள்.

"ஆரின்ர படத்தில ஆரின்ர தூளை அனுப்பினனீ?" என்றேன்.

அவன் கதிரையைவிட்டு எழும்பவுமில்லை. "சத்தம் போடாதேங்கோ மச்சாள். உருளை என்ர கார்ட்டில எடுத்தது. கொம்பனிக்கு நான்தான் ஆள். என்ர பேரிலதான் கிடக்கு. வேணுமெண்டா நீங்களும் ஒரு கார்ட் எடுங்கோவன்." பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "ஒரு கையெழுத்து வைக்கப் பத்து நிமிசம் வேணும். கார்ட் எடுக்கப் போறாவாம்" என்றான்.

சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்களும் சிரித்தன. எந்தெந்த முகம் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

டொரொன்டோக்காரருக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் வியாபாரி. "அக்கா, உங்கட சொந்தச் சண்டை எனக்கு வேண்டாம். பொங்கலுக்கு முன்னம் நல்ல பாக்கில நல்ல தூள் ஆரிட்டயிருந்து வருதோ, இனி அவைக்குத்தான் ஓடர்" என்றார். பொங்கலுக்கு நாலு மாதம் இருந்தது. அந்த ஓடர் போனால் என் சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். வெள்ளவத்தையில் நூறு கிராம் நூறு கிராமாக விற்று வாடகை கட்ட முடியாது.

மூன்றாம் நாள் வேறு ஒரு வங்கிக்குப் போனேன். மேசையில் ஒரு முஸ்லிம் பிள்ளை, முக்காடு போட்டபடி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சம்பளத் துண்டு தேவல்ல அன்ரி. எங்கட்ட வேற ஒரு கார்ட் ஈக்கி. இது கைல புடிக்கிற கார்ட்டே இல்ல. நம்பர் மட்டும்தான். இன்டர்நெட்ல சாமான் எடுக்க மட்டும் செல்லும். நீங்க எவ்வளவு போடுறீங்களோ அவ்வளவுதான் அதில ஈக்கும்."

"கையெழுத்து?"

"எங்க போட? கார்ட்தான் இல்லையே. இந்த போம்ல மட்டும் ஒருக்கா போடுங்க. ஆறுதலாப் போடுங்க."

வருடக் கட்டணம் ஒரு கிலோ செத்தல் மிளகாயின் விலைகூட இல்லை. டொலரும் வங்கி விலை. பதினாறு இலக்கம், ஒரு மாதமும் வருடமும், பின்னால் இன்னும் மூன்று இலக்கம். முழுக்க இலக்கம். ஓர் எழுத்துக்கூட இல்லை. நான் அந்தக் கதிரையிலேயே இருந்து சிரித்தேன். பிள்ளை பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தாள்.

அந்தக் கிழமையே எங்கள் மாடியில் ஆமிக்காரரின் தேடுதல். கார்ட் இலக்கத்தை எழுதி அலுமாரியில் புடவைக்குக் கீழே வைத்திருந்த துண்டை எடுத்து, இது என்ன இலக்கம், யாருடைய போன், எந்த நாட்டுக்கு என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "பேங்க் எக்கே நொம்பர் மாத்தயா" என்றேன். இவ்வளவு நீளமான வங்கி இலக்கம் எங்கே இருக்கிறது என்று அந்தத் துண்டைக் கொண்டே போய்விட்டார்கள். மறுநாள் வங்கிப் பிள்ளையிடம் ஓடினேன். "அதுக்கென்ன அன்ரி, பழச வெட்டிப் போட்டுப் புதுசு தாறன்" என்று கால் மணித்தியாலத்தில் வேறு இலக்கம் தந்தாள். இந்த முறை துண்டு வேண்டாம் என்றேன். அங்கேயே இருந்து, நாலு நாலாகப் பிரித்து, பஸ் இலக்கத்தையும் மிளகாய்க் கிலோவையும் சேர்த்து மனதில் ஏற்றிக்கொண்டுதான் எழும்பினேன். இனி என் தலையைத்தான் கொண்டுபோக வேண்டும்.

ரீச்சர் கொம்பனிக்கு எழுதினா. பதில் வந்தது. பழைய உருளை யார் கார்ட்டில் கட்டப்பட்டதோ அவருக்கே சொந்தம், அதில் அடித்துத் தர முடியாது. புதிய படம் என்றால் புதிய உருளை. குறைந்தது ஐயாயிரம் பை.

இரண்டு சோடிக் காப்பை அடைவு வைத்தேன். ரீச்சர் புதிதாய் ஒரு படம் கீறினா. மல்லிப் பூவும் ஒரு கைப்பிடித் தூளும். "பின் பக்கத்தில என்ன போடுவம்? 'யாழ்ப்பாணத்துச் சுவை' எண்டு போடட்டோ?" என்று கேட்டா.

"வேண்டாம். நான் சொல்லுறதை எழுதுங்கோ" என்றேன். சொல்லச் சொல்ல எழுதினா:

இது நான் வறுத்த தூள். மூன்று மிளகாய் போட்ட பையில் வருவது என் படத்தைக் களவெடுத்த சொந்தக்காரனின் தூள்.

ரீச்சர் பேனையை வைத்துவிட்டா. "சொந்தக்காரன் எண்டு போட வேணுமோ?"

"அதுதான் முக்கியம்."

"டொரொன்டோக்காரர் சண்டை வேண்டாமெண்டெல்லோ சொன்னவர். அஞ்சாயிரத்தையும் திருப்பி அனுப்பினா?"

"அனுப்பினா, ஒழுங்கை ஒழுங்கையா நானே கொண்டுபோய் வீடு வீடாக் குடுப்பன். சனம் வாசிக்கட்டும்."

வீரமாய்ச் சொன்னேனே ஒழிய, காப்பும் போய், ஓடரும் போய் நிற்கிற என்னை நானே கண்டேன். ஆனாலும் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க எனக்கு மனமில்லை.

காசு கட்டுகிற நாள். ரீச்சர் வீட்டுக் கொம்பியூட்டரிலேயே கட்டியிருக்கலாம். வழியிலும் மூன்று கடை இருந்தது. எல்லாவற்றையும் தாண்டி ரீச்சரைக் கூட்டிக்கொண்டு அவன் கடைக்குத்தான் போனேன். கால் மணித்தியாலக் காசை அவன் மேசையில் வைத்தேன்.

"என்ன மச்சாள், மெயில் பாக்கவோ?" என்றான்.

"இல்லைத் தம்பி. சீனாவுக்குக் காசு கட்ட."

நடுக் கதிரையில் இருந்தேன். இங்கிலீஸ் இடமெல்லாம் ரீச்சர் தட்டினா. இலக்கம் வந்ததும் அவவின் கையைத் தள்ளிவிட்டு, முந்தானையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய் நானே குத்தினேன். அவன் பின்னால் வந்து நின்றான். ரீச்சர் என் காதுக்குள், "பாக்கிறான், கவனம்" என்றா.

"பாக்கட்டும் ரீச்சர்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "உருளைக் காசும் பைக் காசும் மட்டுந்தான் போட்டனான். சுரண்டி எடுக்க ஒரு சதமும் மிஞ்சாது."

பச்சை எழுத்து வந்தது. காசு போய்விட்டது என்று ரீச்சர் வாசித்துச் சொன்னா. அவன், "எந்த பேங்க் மச்சாள் தந்தது?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"பத்து நிமிசம் எடுத்துக் கையெழுத்து வைச்சன். தந்தவை" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பைகள் மார்கழிக்கு முன்னம் வந்தன. இரவு பகல் பாராமல் வறுத்தேன். விமானத்தில் அனுப்பினேன். செலவுதான், ஆனாலும் பொங்கலுக்கு முன்னம் போய்ச் சேர வேண்டும். போய் நாலு நாளில் போன்.

"அக்கா, பாக்குக்குப் பின்னால என்ன எழுதி வைச்சிருக்கிறியள்?"

"வாசிக்கத் தெரியாதே தம்பி?"

"நான் சண்டை வேண்டாமெண்டனான்."

"தூள் எப்பிடி?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தூள் அதே தூள்தான். கதை என்னெண்டா, சனம் கடைக்குள்ள நிண்டு சத்தமா வாசிக்குது. ஒருத்தி மற்றவளுக்குக் காட்டுறதுக்கெண்டே ரெண்டு பாக் எடுத்தவள். ஆரக்கா அந்தச் சொந்தக்காரன் எண்டு கேட்டு என்ர மண்டையைக் குடையிறாளவை."

"நீர் சொல்லாதையும். நானும் சொல்லேல்லை."

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. டொரொன்டோவில் வாசித்தவர்கள் வெள்ளவத்தைக்குப் போன் எடுத்தார்கள். அந்தப் போன்களில் பாதி அவன் கடைக் கூண்டுக்குள்தான் வந்தன. மூன்று மிளகாய்ப் பையை டொரொன்டோக்காரர் அதோடு நிறுத்தினார். நான் அத்தோடு விடவில்லை. மணிக்கூட்டு வார் நானாவைக் கூட்டிக்கொண்டுபோய் வங்கிப் பிள்ளையின் முன்னால் இருத்தினேன். மணி தைக்கிற பிள்ளையையும் இருத்தினேன். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. "ஏன் அன்ரி ஒங்களுக்கு இந்த அலைச்சல்?" என்று கேட்டாள் வங்கிப் பிள்ளை. "ஒருத்தன் தன்ர கடையில ஈ ஓட்ட வேணும் மகள்" என்றேன். ஐந்தாறு மாதத்தில் அவனுடைய கார்ட்டைத் தேடி ஒருவரும் போகவில்லை.

அதற்குப் பிறகு அவன் மனுசி வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள்.

"அக்கா, கோயிலுக்குப் போக ஏலாமல் கிடக்கு. அந்த வசனத்தை எடுத்துவிடுங்கோ. புது உருளைக்கு எவ்வளவெண்டாலும் நாங்கள் தாறம்."

"நீ கோயிலுக்குப் போ பிள்ளை. களவெடுத்தவன் எண்டுதானே எழுதிக் கிடக்கு. அவன்ர மனுசி எண்டு எழுதேல்லையே."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவள் நல்லவள். ஆனால் அவன் வரவில்லை. மனுசியை அனுப்பினான். அவன் வந்து, அந்த வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால், உருளை மச்சாளின் காசில் எடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கடைசிவரை வரவில்லை.

இரண்டாம் ஓடருக்கு நேரம் வந்தது. கொம்பனி, படத்தில் ஏதும் மாற்றம் உண்டா, மாற்றினால் உருளைக் காசு திரும்பவும் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. ரீச்சர் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினா.

"காப்பும் மீட்டாச்சு. கையில காசும் கிடக்கு. இப்ப எடுத்துவிடலாம். மனமும் ஆறியிருக்கும்."

"ஆறேல்லை" என்றேன். "மாத்தம் இருக்கெண்டு எழுதுங்கோ. உருளைக் காசு கட்டுறன். அந்த வசனத்தை இதிலும் ரெண்டு மடங்கு பெரிசாப் போடச் சொல்லுங்கோ. கண்ணாடி போடாமல் சமைக்கிற சனத்துக்கும் தெரிய வேணும்."

ரீச்சர் எழுதினா. கார்ட் இலக்கம் கேட்ட இடத்தில் கதிரையை எனக்கு விட்டா.