ஆமையின் கழுத்தில் ஐ.வி. செட்

பூந்தமல்லிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் ஸ்கில் லேப் என் பொறுப்பு. ரப்பர் கையில் ஊசி குத்தி, சலைன் ஏற்றிப் பழகும் அறை அது. செய்முறைத் தேர்வு நாள் காலை அலமாரியைத் திறக்கிறேன், ஐ.வி. செட் டப்பா காலி! பாட்டிலிலிருந்து நரம்புக்குப் போகும் குழாய்தான் ஐ.வி. செட். அது இல்லாமல் எதை ஏற்றுவது? குமணன்சாவடி மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பினேன். அந்த டிராஃபிக்கில் அவர் எப்போது திரும்புவார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

முதல் ஆள் ஸ்டெல்லா, முத்தாபுதுப்பேட்டைப் பெண். இந்த ஒரு அரியரை முடித்தால்தான் ஆஸ்பத்திரியில் கிடைத்திருக்கும் வேலை நிலைக்கும்.

"இன்னா மேம், டப்பா காலியா கீது? எக்ஸாம் எடுக்க எக்ஸ்டர்னல் மேலே வந்துகினு இருக்காங்க!" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. முந்தின நாள் கல்லூரியில் பிளாஸ்டிக் விழிப்புணர்வு விழா. 'கழிவிலிருந்து கலை' என்று போட்டி. பிளாஸ்டிக் குழாய்களில் சிக்கிய கடலாமைக்கு முதல் பரிசு. அதைச் செய்த கார்த்திக் கூட்டம்தான், பஞ்சு எடுக்கிறோம் என்று என்னிடம் அலமாரிச் சாவி வாங்கிப் போனது.

கார்த்திக்கைப் பிடித்தேன். "கழிவுல செய்யச் சொன்னா புதுசை ஏன்டா பிரிச்சீங்க?"

"யூஸ் பண்ணதைத் தொட்டா இன்ஃபெக்ஷன் ஆயிடும், நேரா சிவப்புப் பையில போடணும்னு நீங்கதானே மேம் சொன்னீங்க? அதான் ஸ்டெரைலா எடுத்தோம்."

பாடத்தைப் பிசகாமல் படித்திருக்கிறான், படுபாவி! கழிவைத் தொடக்கூடாது, ஆனால் கழிவில்தான் கலை செய்யவேண்டும். அதனால் நல்லதைப் பிரித்துக் கழிவாக்கியிருக்கிறார்கள். பிரித்த உறைகள் வேறு மேடைக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்தன.

ஸ்டெல்லாவோடு, ஆமையை வைத்திருந்த வரவேற்பறைக்கு ஓடினேன். ஆமையின் உடம்பெல்லாம் என் குழாய்கள், துண்டு துண்டாக வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் சுற்றியிருந்தது மட்டும் முழுசு. அதில் கை வைத்தேன். முதல்வர் மேடம் வந்துவிட்டார்.

"ஐயையோ, அதைக் கழட்டாதீங்க! மத்தியானம் போட்டோ எடுக்க வர்றாங்க."

"இந்தப் பொண்ணு வேலையே போயிடும் மேடம்!" என்று கத்திவிட்டேன்.

ஸ்டெல்லா எங்கள் சண்டை முடியும்வரை காத்திருக்கவில்லை. ஆமையின் கழுத்திலிருந்து குழாயை உருவிக்கொண்டு லேபுக்கு ஓடினாள். ரப்பர் கைதானே, அதற்கு என்ன இன்ஃபெக்ஷன் வந்துவிடப் போகிறது? குழாயில் ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் சலைனை ஓடவிட்டாள். பின்னால் வந்தவர்களும் அதே குழாயைக் கழற்றி மாட்டித்தான் தேர்வை முடித்தார்கள். ஸ்டெல்லா தேறினாள்.

மருந்துக்கடைக்குப் போனவர் எல்லாம் முடிந்தபின் புது டப்பாவோடு வந்து சேர்ந்தார். முதல்வர் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆமையையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்து மொட்டையா இருக்கு பாருங்க. அதான் புதுசு வந்துடுச்சே, ஒண்ணைப் பிரிச்சு மாட்டிடுங்க."

புதிதாக வேலைக்கு வரும் டியூட்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கல்லூரியில் விழிப்புணர்வு விழா என்று அறிவித்தால் முதலில் அலமாரியைப் பூட்டுங்கள். சாவியை முதல்வரிடமும் கொடுக்காதீர்கள்.