அத்தையின் பச்சைமணி ஆரம்

அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவான நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. அந்த வயதில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் வயிற்றில் பூச்சி என்பதுதான் எங்கள் வீட்டின் முடிவு. அம்மா மாத்திரை கொடுத்தாள். நானும் விழுங்கினேன். பயம் மாத்திரைக்குப் போகிற பூச்சியாக இல்லை.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தாவும் ஆயாவும் போன பிறகு சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊரிலிருந்து அப்பா அவளை நெய்வேலிக்கு, எங்கள் குவார்ட்டர்ஸுக்கே அழைத்து வந்துவிட்டார். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் பஸ் பிடித்துப் போவாள். மாலையில் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அம்மாவோடு மணி கோக்க உட்காருவாள்.

மணி கோப்பது எங்கள் வீட்டில் அம்மா தொடங்கிய வேலை. எங்கள் பிளாக்கில் யாருக்கு வளைகாப்பு என்றாலும், எந்தப் பிள்ளை ஆண்டு விழாவில் நடனம் ஆடினாலும், புடவைக்குப் பொருத்தமான ஆரமும் கம்மலும் அம்மாவிடம்தான் சொல்லி வைப்பார்கள். ஹாலில் ஒரு பழைய போர்வையை விரித்து, ஃபிரிட்ஜின் ஐஸ் தட்டுகளில் குழிக்கு ஒரு நிறமாக மணிகளைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவார்கள். மணி எங்கெங்கோ ஓடும். ஒருமுறை சாம்பாரில் கிடந்ததை அப்பா மிளகு என்று கடித்துவிட்டார். அன்று மட்டும் மணி வேலை வேண்டாம் என்றார். மறுநாள் அவரே பஜாரிலிருந்து குறடு ஒன்று வாங்கி வந்து கொடுத்தார்.

மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று உண்டு. கியர் வயர் என்பார்கள். அம்மா எல்லாவற்றையும் அதில்தான் கோப்பாள். கடைசியில் கடுகளவு உலோக மணி ஒன்றைச் செருகிக் குறட்டால் நசுக்கிவிட்டால் பூட்டு விழுந்தது மாதிரி. பிறகு யானை இழுத்தாலும் வராது என்று அத்தை சொல்வாள். என் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், வேறு எங்கோ வாங்கிய மாலை ஒரு பெண்ணுக்கு மேடையிலேயே அறுந்து கொட்டியது. மணி காலில் இடறி இன்னொரு பெண் விழுந்தாள். "தையல் நூல்ல கோத்தா வேற எப்படி இருக்கும்?" என்று அம்மா அன்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாப்பிள்ளை வீடு திருவதிகை. இடத்தைச் சொன்னவர் குள்ளஞ்சாவடியிலிருந்து வரும் ஒரு பெரியம்மா. எங்கள் சுரங்க ஊரில் மாப்பிள்ளைகள் இரண்டு வகை: பர்மனென்ட், கான்ட்ராக்ட். இவர் பர்மனென்ட். அதற்கு மேல் எதையும் கேட்க அப்பாவுக்குத் தோன்றவில்லை. சுரங்கத்தில் இயந்திரங்களுக்கு நடுவே பேசிப் பழகிய குரலில், பிளாக் முழுவதற்கும் கேட்கும்படி, "மாப்ள பர்மனென்ட்டு" என்று அத்தையிடம் சொன்னார்.

"அண்ணே, காலேஜு..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

"அங்க போயிகூட படிச்சிக்கலாம். யாரு வேணான்னது?" என்றார் அப்பா. அவர் மனசில் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. செத்துப்போன தகப்பனுக்குப் பதிலாகத் தான் நிற்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு.

பெரியம்மா கிளம்பும்போது வாசலில் நின்று அம்மாவிடம் ஒரு எச்சரிக்கை சொன்னார். "அந்த அம்மா சகுனம் ரொம்ப பாக்கும். வடலூருல ஒரு பொண்ண பாக்கப் போன எடத்துல, காப்பி டம்ளரு கை தவறி வுழுந்துட்டுதுன்னு பாதியிலயே எழுந்து வந்துட்டுதாம். பாத்து நடந்துக்குங்க."

அத்தை உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். என் பயம் அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த நாள் அம்மா அத்தைக்கு ஆரம் கோக்க உட்கார்ந்தபோது அது இரண்டு மடங்காகிவிட்டது.

பச்சை மணியும் முத்தும் மாறி மாறி வந்து, நடுவில் மாங்காய் வடிவத்தில் ஒரு பதக்கம். அம்மா அதுவரை செய்ததிலேயே அழகான ஆரம் அதுதான். ஆனால் அதை அவள் வெள்ளைத் தையல் நூலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது தையல் நூலு."

"தெரியும். நீ போயி படி."

"கியர் வயரு தீந்துபோச்சா?"

"ஆமா, தீந்துபோச்சு. போ."

அத்தை தலையைக் குனிந்துகொண்டு ஐஸ் தட்டில் மணி பொறுக்கினாள். அன்று மாலையே பீரோவின் கீழ்த்தட்டில் முழுச் சுருளாக கியர் வயர் இருப்பதைப் பார்த்துவிட்டேன். அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வேலையில் பெரியவர்களுக்கு மறதி வரும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்.

பிறகு என் தலைக்குள் ஒரே காட்சி ஓட ஆரம்பித்தது. அத்தை காபி கொடுக்கக் குனிகிறாள். நூல் அறுகிறது. திருவதிகைக்கார அம்மா எழுந்து போகிறார். அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அப்பா யாரையும் அடித்தவர் இல்லை. ஆனால் அவர் கத்தினால் அம்மா மணித் தட்டைக் கவிழ்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடும்போதும் குளிக்கும்போதும் அந்தக் காட்சிதான். அம்மாவிடம் திரும்பச் சொல்லவும் தைரியமில்லை. சொன்னால் எதிர்த்துப் பேசுகிறேன் என்பாள்.

சனிக்கிழமை அம்மாவும் அத்தையும் பூவும் பழமும் வாங்கப் பஜாருக்குப் போனார்கள். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அறையில்தான் பீரோ. கதவைச் சத்தமில்லாமல் தள்ளி, ஆரம் இருந்த டப்பாவையும் கியர் வயரையும் எடுத்தேன். குறடு ஹாலிலேயே இருந்தது. தட்டில் கொட்டினால் சத்தம் வரும் என்று குளிக்கிற துண்டைத் தரையில் விரித்துக்கொண்டேன். வரிசை மாறிவிடாமல் இருக்க, நூலின் ஒரு முனையை அவிழ்த்து, ஒரு மணியைக் கழற்றி உடனே கம்பியில் ஏற்றினேன். அப்புறம் அடுத்தது. வெளியே சைக்கிள் மணி கேட்டால்கூடத் துண்டின் முனையை இழுத்து மூடினேன். உள்ளே அப்பா இருமினார். ஒரு முத்து நழுவி சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. விளக்குமாற்றுக் குச்சியால் துழாவி எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் அந்தக் கடுகு மணியைச் செருகி, குறட்டை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நசுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். இன்னும் பலமாக இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன். வெறும் நூலைச் சுருட்டி ஜன்னல் வழியே எறிந்தேன். அன்று மதியம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மாத்திரை வேலை செய்துவிட்டது என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் வந்தார்கள். டிக்கியில் முழுப் பலாப்பழம் ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நான் பயந்த மாதிரி இல்லை. ஒல்லியாக, வெயிலில் வந்த களைப்போடு, உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளை பெரும்பாலும் எங்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் எந்த செக்‌ஷன், எந்த ஷிப்ட் என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை பச்சைப் புடவையில் காபித் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். குனிந்தபோது ஆரம் முன்னால் ஆடியது, ஒன்றும் ஆகவில்லை. பாயில் எதிரே உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து அவள் விரல் ஆரத்துக்குள் நுழைந்தது. சும்மா திருகுவதுபோல் இழுத்தாள். பிறகு சுண்டி இழுத்தாள். நிமிர்ந்து சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை இன்னொரு முறை, கழுத்து சிவக்கும்படி இழுத்தாள்.

பாவம், என்னைப் போலவே அவளும் பயப்படுகிறாள், தாங்குமா என்று சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னாம்மா, உறுத்துதா? கயட்டி வெச்சிடேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அறுவாது அத்த, பயப்படாத" என்றேன் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கம் சொல்வது நல்லது என்று தோன்றியது. "அம்மா தையல் நூல்ல கோத்துட்டாங்க. நான்தான் கியர் வயருல மாத்தினேன். எவ்ளோ இழுத்தாலும் வராது."

அத்தையின் கை மடியில் விழுந்தது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நூல் மறதியால் வந்ததில்லை என்பதும், நான் எதற்குப் பயந்து வாரம் முழுவதும் சாப்பிடாமல் இருந்தேனோ அதையே அவர்கள் இரண்டு பேரும் சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர்கள் ஒரு சகுனத்தைச் செய்து வைத்திருந்தார்கள்.

அத்தை மாப்பிள்ளையின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாலை உறுத்தலீங்க" என்றாள் அத்தை. "எனக்கு இப்ப கல்யாணம் வேணாங்க. படிப்ப முடிக்கணும். உங்கமேலயோ அவருமேலயோ ஒரு கொறையும் இல்ல. அண்ணங்கிட்ட சொல்ல பயம். அதான் இதுவரைக்கும் சொல்லல."

பெரியம்மா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "சின்னப் பொண்ணு, ஏதோ வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டுக்கு சொல்ற மூஞ்சியா இது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு அப்பாவிடம் திரும்பினார். "ஏன் தம்பி, எங்கள வரச்சொல்றதுக்கு முன்னாடி பொண்ண ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த அம்மா காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைத் தட்டின் நடுவில் பார்த்து வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் அத்தையின் தோளைத் தொட்டு, "படிம்மா" என்றார். மாப்பிள்ளை அன்று தானாகப் பேசிய ஒரே வார்த்தை "வரேங்க" என்பதுதான். அதை எல்லோரையும்விட நிம்மதியாகச் சொன்னார். பலாப்பழம் எங்கள் ஹாலிலேயே இருந்துவிட்டது.

இனி கத்தல் வரும் என்று நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் ஒண்டி நின்றோம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கத்தல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது, அப்பா நல்ல சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டு, டூட்டிக்குப் போகிற காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் லீவு. எங்கே என்று கேட்க அம்மாவுக்குத் துணிவில்லை. வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அவர் போனதும் அம்மா அத்தையின் கழுத்திலிருந்து ஆரத்தைக் கழற்றி, நான் நசுக்கிய இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு அவளும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு நடுவில் அழுகையாகிவிட்டது. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை, திட்டும் வரவில்லை. என் வேலை நன்றாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் அழுதேன்.

அடுத்த நாட்களில் அப்பா யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் வீட்டில் எல்லோருக்கும் அதிகப் பயமாக இருந்தது. தலையைக் குனிந்து சாப்பிட்டார். தண்ணீர் வேண்டும் என்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். அத்தை காலேஜுக்குப் போகும்போது செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்த்தான் போட்டாள். ஆனால் போனாள். அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் போய்ப் படிப்பை முடித்தாள். அதைப் பற்றி அப்பா பிறகு ஒருநாளும் பேசவில்லை.

என்னிடம் மட்டும் ஒருமுறை பேசினார். அந்த வாரத்தில் ஒரு காலை, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வண்டியில் அழைத்துப்போனார். மரங்கள் இரண்டு பக்கமும் கூடி நிற்கிற ரோட்டில் போகும்போது, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அத்த அன்னிக்கு எங்கிட்ட சொல்ல பயம்னு சொன்னிச்சில்ல?"

"ஆமாப்பா."

"உனக்கும் அப்பாவ பாத்தா பயமா?"

அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் உண்மையைத்தான் சொன்னேன்.

"எனக்கு இல்லப்பா. அம்மாவுக்குத்தான்."

வண்டி மெதுவாகி ஓரத்தில் நின்றுவிட்டது. அப்பா காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க, நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்குப் போகிற பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. உள்ளிருந்து யாரோ கை காட்டினார்கள், அவர் கவனிக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேருவோமா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.