கணக்கு டீச்சர் வந்த பஸ்

கடப்பாக்கம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் டீ குடிக்க பஸ் நிற்கிறது. இறங்கியதும் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் என்னை வழிமறிக்கிறாள்.

"நீதான் கணக்கு வாத்தியாரா, அண்ணாத்த?"

"இல்லம்மா. மரக்காணம் போறேன்."

அவள் முகம் வாடிவிடுகிறது. மகள் இந்த ஊர் ஹைஸ்கூலில் பதினோராம் வகுப்பு படிக்கிறாளாம். பங்குனியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. கணக்குக்கு மட்டும் இன்னும் ஆளில்லை.

"போன தபா வந்தவரு ஸ்கூலப் பாத்துட்டு அதே பஸ்ஸுல ஏறிட்டாரு. எம்பொண்ணு ஃபெயிலானா என்னோட சேந்து கருவாடுதான் காய வெக்கணும்."

அப்போது பஸ்ஸின் பின்படி வழியாகத் தகரப் பெட்டியோடு ஓர் இளம்பெண் இறங்குகிறாள்.

"ஹைஸ்கூல் எந்தப் பக்கம்? நான் புது கணக்கு டீச்சர்."

சவுக்குத் தோப்புக்குள் தெரியும் கீற்றுக் கொட்டகையைக் கருவாட்டுக்காரி தயங்கித் தயங்கிக் காட்டுகிறாள்.

"அதான் ஸ்கூலு. ஓடிட மாட்டியே, டீச்சரம்மா?"

டீச்சர் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கரும்பலகை இருக்கா?"

"பெருசா கீது."

"அது போதும். வாங்க, போகலாம்."

கருவாட்டுக்காரி கூடையை என் காலடியில் இறக்கிவிட்டு, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொள்கிறாள்.

"அண்ணாத்த, இத்த பாத்துக்கோ. இட்டுனு போய் வுட்டுட்டு வந்துடறேன்."

கண்டக்டர் விசில் ஊதுகிறார். நீங்கள் போங்கள் என்று கையசைத்துவிட்டு, நிம்மதியாக இன்னொரு டீ சொல்கிறேன்.