கொதித்த தண்ணீரில் குமிழி வராது

ஒரு இடத்தில் உட்கார முடியாத ஜென்மம் நான். வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? ஆனால் போன மார்கழியில், உறையூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நான் தவித்த தவிப்பு இருக்கிறதே... அது தனி. உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று வீட்டில் கட்டளை. திங்கட்கிழமை உத்தரவு வந்துவிட்டது. எழுதுகிறேன்.

என் மனைவி தனலட்சுமி அந்தப் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். பல வருஷமாகத் தற்காலிகம். கோடை லீவு விட்டால் வேலை போகும். ஜூனில் திரும்பக் கிடைக்குமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இந்த முறை இன்ஸ்பெக்‌ஷனில் அவள் எடுக்கும் பாடம் அதிகாரிக்குப் பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் இந்த வருஷத்தோடு சரி.

பாடம், இலை எப்படி வெளிச்சத்தைப் பிடிக்கிறது என்பது. வேலம்பாசியை — வாய்க்காலில் கிடக்கிற பாசிச் செடிதான் — கண்ணாடி ஜாடித் தண்ணீருக்குள் புனலால் மூடி, மேலே ஒரு டெஸ்ட் ட்யூபைக் கவிழ்த்து வெயிலில் வைக்க வேண்டும். செடியிலிருந்து குமிழி குமிழியாக ஆக்சிஜன் கிளம்பும். முதல் நாள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஜோராகக் கிளம்பியது.

மறுநாள் உறையூரில்? ஒரு குமிழி இல்லை.

நல்ல வெயில். பாசியும் பச்சைப்பசேல் என்று இருந்தது. அதிகாரி ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஜாடியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கூலி என்ற முறையில் நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போவேன், ஜாடியைப் பார்ப்பேன், இந்தப் பக்கம் வருவேன்.

தனம் நெற்றியைத் தேய்த்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஊரில் நிறைந்திருந்த சமயம். காலரா பயம். சுகாதாரத்துறை ஆட்கள் வீடு வீடாக வந்து, தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைகள் கை வைக்கிற ஜாடியாயிற்றே என்று, தனம் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றியிருந்தாள். அந்த மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

“கொதிக்க வச்சதுல கார்பன் டை ஆக்சைடு போயிடுச்சுங்க” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்று முந்தின நாள் இவளே சொன்னாள். தண்ணீர்தான் ஜாடி நிறைய இருக்கிறதே?

புனலைச் சரிசெய்துகொண்டே விளக்கினாள். வெளிச்சம் பட்டதும் பச்சையத்திலிருந்து ஒரு எலெக்ட்ரான் துள்ளி எழுகிறது. அதனால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. (என் ஜாதி!) கைக்குக் கை மாறி ஓடுகிறது. ஓடும் வழியில் அது விடுகிற சக்தியை இலை ஏ.டி.பி. என்ற ஒரு பொருளாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எலெக்ட்ரான் போன இடம் காலி. அதை நிரப்பத் தண்ணீரைப் பிளக்கிறது. பிளந்ததில் மிஞ்சுவதுதான் நீங்களும் நானும் மூச்சில் இழுக்கிற ஆக்சிஜன். ஆனால் எலெக்ட்ரானைக் கடைசியாக வாங்கிய கை, அதைக் கார்பன் டை ஆக்சைடில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அடுத்ததை வாங்க முடியும். சேர்க்க வழியில்லை என்றால்? வரிசை மொத்தமும் நின்றுவிடும். தண்ணீர் பிளக்காது. குமிழி வராது.

அட, நம் சர்க்கார் ஆபீஸ்! கடைசி மேஜைக்காரர் லீவு போட்டால் முதல் மேஜையில் ஃபைல் நகராது. வெளிச்சம் எவ்வளவு அடித்து என்ன பிரயோசனம்? தனத்தின் ஃபைலும் அப்படித்தான் எங்கோ நின்றிருந்தது.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. கோலி சோடாவில் இருப்பது அந்த வாயுதானே? எதிரே கடை. ஒரு பாட்டிலை உடைத்து ஊற்றினால் குமிழி கொப்பளிக்குமே! அதிகாரிக்கு என்ன தெரியப்போகிறது?

தனம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. “அது சோடாவோட குமிழிங்க. இலையோட குமிழி இல்ல. இந்தப் பிள்ளைங்க வாழ்நாள் பூரா அதையே நம்பிக்கிட்டு இருக்கும்” என்றாள். சோடா உப்பு ஒரு சிட்டிகை போதும், செடி தானாக வேலை செய்யும், ஆனால் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றாள்.

ஓடினேன். முதல் பலசரக்குக் கடையில் இல்லை. இரண்டாவதில் கூட்டம். பொட்டலத்தோடு நான் திரும்பும்போது அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தனமோ, குமிழி ஏன் வரவில்லை என்பதையே பாடமாக நடத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பொட்டலத்தை வாங்கினாள். ஒரு சிட்டிகை போட்டாள். எல்லாரும் ஜாடியைப் பார்த்தார்கள்.

ஒன்றும் இல்லை.

அதிகாரி வாட்சைப் பார்த்தார். எழுந்தார். பாடம் போதும், அடுத்த ஸ்கூலுக்கு நேரமாகிறது என்றார். தனம் குரலை உயர்த்தவில்லை.

“உக்காருங்க சார். நீங்க பாக்காமப் போனா, வரலேன்னுதான் எழுதுவீங்க.”

தற்காலிக டீச்சர் அதிகாரியிடம் பேசுகிற பேச்சா இது? போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் உட்கார்ந்தாரா, அப்படியே நின்றாரா, நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில்தான் கண்ணைத் திறந்தேன். பாசியின் நுனியிலிருந்து பொடிக் குமிழி ஒன்று... பின்னாலேயே இன்னொன்று. அதிகாரி ஜாடிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

உத்தரவில் நிரந்தரம் என்றுதான் இருக்கிறது. ஜூன் முதல். ஊர் மட்டும் உப்பிலியபுரம். பச்சைமலை அடிவாரம். தினமும் போய்வருகிற தூரமா அது?

என் எழுத்து, என் சிநேகிதர்கள், எனக்குப் பழகின காவேரிக் குளியல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். தனம் பொறுமையாகக் கேட்டாள்.

“நான் போறதுன்னு முடிவு பண்ணியாச்சுங்க. நீங்க வரீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.”

மூன்று நாளாகக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இன்று காலைதான் நின்றேன்.

வாராவாரம் இதை எழுதி அனுப்ப வேண்டுமே, உப்பிலியபுரத்தில் கடைசித் தபால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்? தெரிந்த வாசகர்கள் யாராவது எழுதுங்கள்... கொஞ்சம் அவசரம்.